தலை அரை இஞ்ச், வால் கால் இஞ்ச்: சாக்கெட் அடாப்டர் எதுவரை தாங்கும்?

மொட்டை மாடியில் சோலார் பேனல் ஏற்றுகிறவர், ஷீட் கூரை போடுகிறவர், ஏசி அவுட்டோர் யூனிட்டுக்கு ஸ்டாண்ட் அடிக்கிறவர், டூவீலர் பட்டறையில் வேலை பழகுகிறவர் என்று யாருடைய பையைத் திறந்தாலும் இன்று ஓர் இம்பாக்ட் டிரைவர் இருக்கிறது. வாங்கியது என்னவோ ஸ்க்ரூ முடுக்கத்தான். கூடவே ஒரு சாக்கெட் அடாப்டரும் வந்து சேர்ந்துவிடும். ஒரு முனையில் டிரைவருக்குள் போகிற கால் இஞ்ச் அறுகோண வால், மறு முனையில் சாக்கெட் மாட்டுகிற சதுரத் தலை. அதை மாட்டியதும் டிரைவரை வைத்தே போல்ட், நட்டு எல்லாம் கழற்றலாம், முடுக்கலாம். தனியாக இம்பாக்ட் ரெஞ்சு வாங்கும் செலவு மிச்சம் என்று மனசு சொல்லும்.

ஓர் அளவு வரை அது உண்மை. அந்த அளவு எங்கே முடிகிறது என்று தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் உள்ள வித்தியாசம் தளத்தில் ஒரே நாளில் தெரிந்துவிடும். தெரியாதவர் அடாப்டரை உடைப்பார், போல்ட் தலையை உருட்டுவார், பாதி வேலையில் நிற்பார்.

வால்தான் கணக்கு

கடையில் அடாப்டர் மூன்று அளவில் கிடைக்கும்: தலை கால் இஞ்ச், மூன்று நூல் (3/8 இஞ்ச்), அரை இஞ்ச். பெரும்பாலானோர் அரை இஞ்சைத்தான் எடுப்பார்கள். பார்க்கத் தடியாக இருக்கிறது, பட்டறையில் இருக்கிற சாக்கெட் செட்டும் அரை இஞ்ச்தான், உடையாது என்று தோன்றும். ஆனால் தலை எவ்வளவு பெரிதானாலும் மூன்றுக்கும் வால் ஒன்றே. எதிர்ப் பக்கங்களுக்கு இடையே 6.35 மில்லிமீட்டர். அதிலும் டிரைவரின் குண்டு வந்து பிடிக்கிற இடத்தில் ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். அங்கே இரும்பு இன்னும் மெலிவு. அடாப்டரின் பலம் என்பது அந்தப் பள்ளத்தின் பலம்தான்.

முறுக்கு விசையைத் தாங்கும் திறன் தண்டின் தடிமனோடு நேர் விகிதத்தில் ஏறுவதில்லை, கனமடங்காக ஏறுகிறது. தடிமன் இரண்டு மடங்கானால் தாங்கும் திறன் எட்டு மடங்கு. அரை இஞ்ச் தண்டு தாங்குவதில் கால் இஞ்ச் வால் தாங்குவது எட்டில் ஒரு பங்குதான். மூன்று நூல் தண்டோடு ஒப்பிட்டாலும் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கீழே. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும். அரை இஞ்ச் தலை வாங்குவதால் வால் பலப்படாது. மாறாக, கனமான தலையும் கனமான சாக்கெட்டும் டிரைவர் கொடுக்கிற ஒவ்வோர் அடியிலும் ஒரு பங்கைத் தாங்களே விழுங்கிவிடும். கால் இஞ்ச் தலைக்கு வேறு குறை: சதுரமே சிறிது, அதில் குண்டுக்காகத் துளை வேறு போட்டிருக்கும், வாலுக்கு முன் தலை முறியும். அன்றாட வேலைக்கு நான் சொல்வது மூன்று நூல் தலைதான். வீட்டுக் கூரை வேலைக்கும் டூவீலர் பட்டறைக்கும் அதுவே போதும்.

டிரைவரின் பெட்டியில் 170, 180, 200 நியூட்டன் மீட்டர் என்று அச்சிட்டிருக்கும். 18 வோல்ட் டிரைவர்களில் இது சாதாரண எண். அது தொழிற்சாலையில் தயாரிப்பாளர் தன் முறைப்படி அளந்தது. உங்கள் அடாப்டர், சாக்கெட், எக்ஸ்டென்ஷன் எல்லாவற்றையும் கடந்து போல்டுக்குப் போய்ச் சேருவது வேறு எண். ஒவ்வொரு மூட்டிலும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும், அந்த ஆட்டத்தில் அடியின் வேகம் கரையும். ஆகவே பெட்டியில் உள்ள எண்ணைப் பார்த்து "இது கார் வீல் நட்டையே கழற்றும்" என்று முடிவு கட்ட வேண்டாம்.

இன்னொன்றும் கவனியுங்கள். டிரில்லில் பிட் மாட்டிக்கொண்டால் கை முறுகும், உடனே விரலை எடுத்துவிடுவோம். இம்பாக்ட் டிரைவருக்குள் சுத்தியல் போன்ற ஒரு பாகம் நிமிடத்துக்கு 3000 முறைக்கு மேல் தண்டைத் தட்டுகிறது. அந்த அடி உங்கள் மணிக்கட்டுக்குத் திரும்பி வருவதில்லை. கைக்குச் சுகம்தான், ஆனால் வால் எவ்வளவு வேதனைப்படுகிறது என்று கைக்குத் தெரியவே தெரியாது. டட்டட்டட் என்ற சத்தம் ஒரே மாதிரி கேட்டுக்கொண்டிருக்கும், திடீரென்று மோட்டார் சும்மா சுற்றும். அடாப்டர் போய்விட்டது.

எந்த போல்டுக்கு எது

8.8 தர போல்டுகளுக்குத் தளத்தில் புழங்கும் அளவுகளைத் தோராயமாகச் சொல்கிறேன். எம்6 போல்டுக்கு 10 நியூட்டன் மீட்டர், எம்8க்கு 25, எம்10க்கு 50, எம்12க்கு 85, எம்16க்கு 200ஐத் தாண்டும். சாக்கெட் அளவில் சொன்னால் 10 நம்பர், 13 நம்பர், 17 நம்பர், 19 நம்பர், 24 நம்பர்.

13 நம்பர் வரை டிரைவரும் அடாப்டரும் தாராளமாகப் போதும். 17 நம்பர் எல்லைக்கோடு: புது போல்ட், சுத்தமான மரை என்றால் சரி, துருப்பிடித்தது என்றால் யோசியுங்கள். 19 நம்பரில் நின்றுவிடுங்கள். சில தயாரிப்பாளர்களின் கையேட்டில் எம்14, எம்16 வரைகூட டிரைவரால் முடியும் என்று போட்டிருக்கும். கருவியால் முடியலாம். நாள் முழுக்க அதே வேலையை அடாப்டரை வைத்துச் செய்ய முடியுமா என்பதுதான் நமக்குக் கேள்வி. முடியாது என்பது என் தீர்ப்பு.

கழற்றுவதற்கு முடுக்கியதைவிட அதிக விசை வேண்டும், குறிப்பாக இரண்டு மழைக்காலம் பார்த்த இரும்பில். ஆகவே எளிய வழி இது: முதல் இளக்கத்தைக் கையால் கொடுங்கள். நீண்ட கைப்பிடி உள்ள பவர் பாரையோ ரிங் ஸ்பேனரையோ போட்டு ஒரு கால் சுற்று திருப்பிவிட்டால், மீதிச் சுற்றுகளை டிரைவர் சில விநாடியில் கழற்றிவிடும். துருநீக்கி எண்ணெய் அடித்துக் காத்திருக்கும் நேரத்தில் அடுத்த நட்டைப் பார்க்கலாம். ஐந்து விநாடி தொடர்ந்து அடித்தும் நட்டு அசையவில்லை என்றால் விரலை எடுங்கள். ஆறாவது விநாடியில் அசையப்போவது நட்டாக இருக்காது.

கார் வீல் நட்டுகள் சிறிய கார்களிலேயே பொதுவாக 85 முதல் 120 நியூட்டன் மீட்டர் வரை. அதற்கு அரை இஞ்ச் இம்பாக்ட் ரெஞ்சு வேண்டும். 300 நியூட்டன் மீட்டர் வகையே போதும், லாரிக்கான பெரிய ரெஞ்சு தேவையில்லை. டூவீலரில் ஆயில் டிரெய்ன் போல்ட், ஸ்பார்க் பிளக் இரண்டையும் எந்த இம்பாக்ட் கருவியாலும் முடுக்க வேண்டாம். இரண்டும் அலுமினியத்துக்குள் இறங்குகிறவை. மரை போய்விட்டால் ஒரு போல்டின் செலவோடு முடியாது.

பேனல் கிளாம்ப்: கவனம் கேட்கும் இடம்

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூர்யகர் சோலார் திட்டத்தின் இலக்கு ஒரு கோடி வீட்டுக் கூரைகள். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற இளைஞர்கள் நிறைய. ஐடிஐ முடித்தவர்களும் 600 மணி நேர சூரியமித்ரா பயிற்சி எடுத்தவர்களும் வருகிறார்கள், எந்தச் சான்றிதழும் இல்லாமல் அண்ணன் கூட வந்து பழகியவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் கையில் அதிகம் இருப்பது இம்பாக்ட் டிரைவர். அதிகம் கெடுவதும் அதனால்தான்.

பேனலைப் பிடிக்கிற மிட் கிளாம்ப், எண்ட் கிளாம்ப் இரண்டிலும் பொதுவாக எம்8 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் வரும். அது இறங்குவது அலுமினிய ரெயிலில். கிளாம்ப் தயாரிப்பாளர் கேட்கும் விசை பெரும்பாலும் 20 நியூட்டன் மீட்டருக்குள்தான். டிரைவர் அதை ஒரு விநாடியில் தாண்டிவிடும். தாண்டினால் ரெயிலின் உதடு விரியும், அல்லது பேனல் ஃபிரேம் நசுங்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஒரு காற்றுக்காலம் வந்தால்தான் தெரியும்.

ஸ்டெயின்லெஸ் போல்டில் இன்னொரு வம்பு உண்டு. வேகமாகச் சுற்றும்போது மரையின் மேல் உள்ள மெல்லிய காப்புப் படலம் உரிந்து, போல்டும் நட்டும் உலோகத்தோடு உலோகமாக ஒட்டிக்கொள்ளும். "ஜாம் ஆயிடுச்சு" என்று சொல்வோமே, அது. அதற்கப்புறம் முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் டிரைவரை விடாமல் அடித்தால் முறிவது அடாப்டர் வால். ஆகவே மரையில் ஆன்ட்டி சீஸ் பசை தடவுங்கள், முதல் இரண்டு மூன்று சுற்றைக் கையால் போடுங்கள், டிரைவரைக் குறைந்த வேகத்தில் வையுங்கள், கிளாம்ப் பேனலைத் தொட்டதும் நிறுத்துங்கள். கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சால். கிளிக் என்று கேட்டதும் போல்ட் தலையில் மார்க்கரால் ஒரு கோடு. ஆய்வுக்கு வருகிறவர் அந்தக் கோட்டைத்தான் முதலில் பார்ப்பார்.

உயரத்தில் வேலை செய்யும்போது அடாப்டரும் சாக்கெட்டும் தனித்தனியாக இருப்பதே ஓர் அபாயம். குண்டு தேய்ந்த அடாப்டரிலிருந்து சாக்கெட் நழுவும்; இரண்டாவது மாடியிலிருந்து விழுகிற 13 நம்பர் சாக்கெட் கீழே யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. போல்ட் தலை அறுகோணமாக இருந்தால் வாலும் சாக்கெட்டும் ஒரே துண்டாக வருகிற நட் செட்டரை வாங்குங்கள். ஆலன் தலையாக இருந்தால் 6 எம்.எம். ஆலன் பிட் போதும், சாக்கெட்டே வேண்டாம். ஒரு மூட்டு குறைந்தால் ஆட்டமும் குறையும்.

ஷீட் கூரைக்கு முடுக்கும் செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூவுக்கும் இதே நட் செட்டர்தான், 8 எம்.எம். அதற்குள் காந்தம் இருக்கும். இரும்புத் துருவல் காந்தத்தில் சேர்ந்து மெத்தை போல் படிந்துவிட்டால் ஸ்க்ரூ தலை பாதிதான் உள்ளே போகும், மூலைகள் உருண்டுவிடும். ஒட்டும் டேப்பை உள்ளே அழுத்தி எடுத்தால் துருவல் முழுக்க வந்துவிடும். பத்து விநாடி வேலை.

கறுப்பா, பளபளப்பா?

பளபளவென்று குரோம் பூசிய சாக்கெட் கை ரேச்செட்டுக்கானது. பெரும்பாலும் குரோம் வனேடியம் எஃகு, சுவர் மெல்லியது, கடினம் அதிகம். அடி விழுந்தால் வளையாது, வெடிக்கும். சில்லு கண்ணை நோக்கி வரும். இம்பாக்ட் வேலைக்குக் கறுப்பு நிற சாக்கெட்; அது குரோம் மாலிப்டினம், சுவர் தடிமன், கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். அதிலும் ஆறு முனை. பன்னிரண்டு முனை சாக்கெட் போல்டின் மூலையை மட்டும் பிடிக்கும், அடியில் மூலை மழுங்கும். சாக்கெட்டுக்கு இவ்வளவு பார்த்துவிட்டு அடாப்டரை மட்டும் நடைபாதைக் கடையில் பெயர் தெரியாததாக எடுப்பதில் அர்த்தம் இல்லை. "இம்பாக்ட் ரேட்டட்" என்று பொறித்திருக்கிறதா, வாலில் நடுவே மெலிந்த ஒரு கழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கழுத்து பலவீனம் அல்ல; ஒவ்வோர் அடிக்கும் அங்கே கொஞ்சம் முறுகித் திரும்புவதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். முறுகத் தெரிந்த அடாப்டர் அதிக நாள் உழைக்கும்.

நீளம் வேண்டும் என்றால் எக்ஸ்டென்ஷனை எந்தப் பக்கம் போடுவது என்பதில் பலர் தவறுகிறார்கள். டிரைவருக்கும் அடாப்டருக்கும் நடுவே கால் இஞ்ச் பிட் எக்ஸ்டென்ஷன் போட்டால், இருப்பதிலேயே மெலிந்த தண்டை இன்னும் நீளமாக்குகிறீர்கள். அடி முழுக்க அந்தத் தண்டு முறுகுவதிலேயே போய்விடும். அடாப்டரை நேராக டிரைவரில் மாட்டி, அதற்கப்புறம் மூன்று நூல் எக்ஸ்டென்ஷன், அதற்கப்புறம் சாக்கெட். இந்த வரிசையில் போட்டால் வித்தியாசம் கையிலேயே தெரியும்.

முறிவதற்கு முன் தெரியும் அறிகுறிகள்

வாரம் ஒருமுறை, வேலை முடிந்து கருவி துடைக்கும் நேரத்தில், அடாப்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வாலின் ஆறு விளிம்பும் நேர்கோடாக ஓட வேண்டும். ஒரு விளிம்பைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்தால், கயிற்றுப் புரிபோல லேசாகச் சாய்ந்து ஓடுகிறதா? அந்த வால் ஏற்கெனவே தன் எல்லையைத் தாண்டி முறுகிவிட்டது. இனி அது திரும்பாது, தூக்கிப் போடுங்கள். சதுரத் தலையின் மூலைகளில் இரும்பு உருண்டு பிசிறு நிற்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். குண்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் துள்ளித் திரும்ப வேண்டும். உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால் சாக்கெட் நழுவும் நாள் தூரத்தில் இல்லை. குண்டுத் துளையின் ஓரத்தில் முடிபோல ஒரு கோடு தெரிந்தால் அது விரிசல்.

முறிந்த துண்டும் பேசும். முறிவு முகம் குறுக்காகத் தட்டையாக இருந்தால் எஃகு நெகிழ்ந்து, ஒரே தடவையில் அதிக விசை தாங்காமல் போயிருக்கிறது. பெரும்பாலும் அடாப்டருக்குப் பொருந்தாத போல்ட். சாய்வாக, 45 டிகிரியில் சுருளாக முறிந்திருந்தால் எஃகு விறைப்பு அதிகம். அடுத்த முறை வேறு தயாரிப்பு பாருங்கள். முகத்தின் ஒரு பகுதி மங்கி வழவழப்பாகவும் மீதி பளிச்சென்று கரடாகவும் இருந்தால், விரிசல் நாள்கணக்கில் வளர்ந்து கடைசியில் விட்டிருக்கிறது. வாரம் ஒருமுறை பார்க்காததன் விளைவு அது.

உடைந்த வால் டிரைவரின் சக்குக்குள் சிக்கிக்கொண்டால் காலரை இழுத்துப் பிடித்துக்கொண்டு டிரைவரைக் கவிழ்த்து மெதுவாகத் தட்டுங்கள், இல்லையேல் மெல்லிய காந்தக் குச்சியால் எடுங்கள். ஆணியை வைத்து நெம்பினால் உள்ளே குண்டு கெடும், அப்புறம் டிரைவரே சர்வீஸுக்குப் போக வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் இதெல்லாம். சதுரத் துண்டு சாக்கெட்டுக்குள் நின்றுவிட்டால் எளிது, மறுபக்கத் துளை வழியாகப் பஞ்ச் கருவியை வைத்து ஒரு தட்டு.

மேலே இருப்பவரிடம் எப்படிச் சொல்வது

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவருக்கு இதுதான் கடினம். ஸ்ட்ரக்சர் காலுக்கு எம்12 போல்ட், கையில் டிரைவர், "சீக்கிரம் அடி" என்று குரல் வருகிறது. வாயை மூடிக்கொண்டு அடித்தால் உடையும், உடைத்தவர் என்ற பேர் உங்களுக்கு. முடியாது என்று மொட்டையாகச் சொன்னாலும் கெட்ட பேர். காரணத்தையும் மாற்று வழியையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "அண்ணே, இது பத்தொம்பது நம்பர். டிரைவர்ல ஓட்டி உட்கார வெச்சிடறேன், கடைசி இறுக்கத்துக்கு ரெஞ்சு எடுத்துக்கிறேன்." இதற்கு எந்த ஃபோர்மேனும் கோபப்பட மாட்டார். வேலை நிற்கவில்லை, நேரமும் அதிகம் போகவில்லை. இந்தப் பையனுக்குக் கருவி தெரிகிறது என்று அவர் மனதில் பதியும். அடுத்த தளத்துக்கு ஆள் பிரிக்கும்போது அது உதவும்.

ஒப்பந்தக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. அடாப்டர் உடைந்தால் கூலியில் பிடிப்பது சில இடங்களில் வழக்கமாக இருக்கிறது. அது நியாயமே இல்லை. கட்டிங் வீல், டிரில் பிட் போல அடாப்டரும் தேய்பொருள். எஸ்டிமேட்டில் அதற்கு ஒரு வரி போடுங்கள், தளத்துக்கு இரண்டு உபரி கொடுத்தனுப்புங்கள். கூலியில் பிடித்தால் ஆள் விரிசல் விட்டதையும் மறைத்து வைத்து ஓட்டுவார். அந்த மறைப்புதான் ஒருநாள் யாருடைய கண்ணிலாவது முடியும். கண்ணாடியும் காதடைப்பானும் கொடுப்பதும் உங்கள் பொறுப்பு. டிரைவர் அடிக்கும்போது சத்தம் 90 டெசிபலைத் தாண்டும், நாள் முழுக்கக் கேட்டால் காது மெல்லக் கெடும்.

வாங்கும் வரிசை

சொந்தக் காசில் கருவி சேர்க்கிறவர் என்றால், முதலில் மூன்று நூல் தலை அடாப்டர் இரண்டு. ஒன்று கையில், ஒன்று பையில். கூடவே 8, 10, 13 நம்பரில் ஒரே துண்டு நட் செட்டர்கள். பிறகு மூன்று நூல் கறுப்பு சாக்கெட் செட். இவ்வளவும் இருந்தால் கூரை வேலையில் பெரும்பகுதி ஓடிவிடும். 17, 19 நம்பர் தினமும் வருகிறது என்றால் அடாப்டரில் மேலும் காசு போடாமல் அரை இஞ்ச் ரெஞ்சுக்குச் சேர்க்கத் தொடங்குங்கள். கையில் இருக்கிற டிரைவரின் பேட்டரியே பொருந்துகிற ரெஞ்சாகப் பார்த்தால், பேட்டரி இல்லாத வெறும் மெஷினாக வாங்கலாம், விலை நன்றாகக் குறையும். இரண்டு கருவி சுமக்க முடியாதவர்களுக்கு பாஷின் ஜிடிஎக்ஸ் வகை இருக்கிறது: ஒரே தலையில் உள்ளே கால் இஞ்ச் அறுகோணம், வெளியே அரை இஞ்ச் சதுரம். சாக்கெட் நேராக உட்காரும், அடாப்டரே வேண்டாம்.

ரெஞ்சு வாங்கியபின் தலைகீழ் அடாப்டர் ஒன்று கண்ணில் படும்: அரை இஞ்ச் ரெஞ்சில் கால் இஞ்ச் பிட் மாட்டுகிற வகை. எடுக்காதீர்கள். ரெஞ்சின் அடியைக் கால் இஞ்ச் பிட் தாங்காது.

டார்க் ரெஞ்சைக் கடைசிக்குத் தள்ளிவிட வேண்டாம். சோலாரில் இருக்கிறவர் அதை இம்பாக்ட் ரெஞ்சுக்கு முன்பே வாங்கலாம். 5 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை அளக்கிற சிறியது கிளாம்புக்குச் சரி. எம்10, எம்12 போல்டுக்கு 100 வரை போகிற இன்னொன்று. டார்க் ரெஞ்சை வைத்து எதையும் கழற்றாதீர்கள். வேலை முடிந்ததும் அளவை இருப்பதிலேயே குறைந்த எண்ணுக்கு இறக்கி, அதற்கான பெட்டியிலேயே வையுங்கள். உள்ளே இருக்கிற சுருள்வில் அழுத்தத்திலேயே கிடந்தால் சில மாதத்தில் அளவு தவறிவிடும்.